நாலு சில்லு வண்டி வாங்கிய இலையுதிர்காலம்

உங்களுக்கும் நினைவிருக்கும். பத்து வயதில், இந்த நோர்வேயில், நாமெல்லாரும் வீட்டு மொழிபெயர்ப்பாளர்கள். அம்மாவின் வயிற்றுவலியை வைத்தியருக்குச் சொன்னது நாம். கட்டடச் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்து விளக்கியது நாம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை நம்மைப் பற்றிச் சொன்ன குறைகளைக்கூட, பக்கத்தில் இருந்த அப்பாவுக்கு நாமே தமிழில் சொன்னோம், கொஞ்சம் சீனி சேர்த்து. இப்போது எங்காவது கலியாண வீட்டில் சந்தித்தால் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற வயது வந்துவிட்டது, சிரிக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்புகளுக்கு நடுவே நான் சொல்லாமல் விடுகிற கதை ஒன்று உண்டு. இனியும் வைத்திருக்க முடியாது.

அப்பா நோர்வேக்குப் புறப்பட்டபோது அண்ணனுக்கு நாலு வயது. நான் அம்மாவின் வயிற்றில். அப்பா வடக்கு முனையில், பாட்ஸ்பியோர்ட்டில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். எனக்கு ஒன்றரை வயதானபோது அம்மாவுக்கும் எனக்கும் கடதாசி சரிவந்தது. அப்போது நாங்கள் இருவரும் கொழும்பில். அண்ணன் யாழ்ப்பாணத்தில், பெரியம்மா வீட்டில். சண்டையால் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஆறு மாதத்தில் கூப்பிட்டுவிடலாம் என்று நம்பி அம்மா விமானம் ஏறினார். அந்த ஆறு மாதம் எட்டரை வருடமாயிற்று.

அதற்குள் நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்து, எல்லிங்ஸ்ருட்டில் நாலாம் மாடியில் குடியேறியிருந்தோம். அப்பா பேருந்துக் கொட்டிலில் பேருந்துகளைக் கழுவும் வேலை செய்தார். ஒரு வசந்தகாலத்தில் அண்ணன் வந்து இறங்கினான். மேலுதட்டில் பூனைமயிர் அரும்பிய, ஒடுங்கிய, நெடிய ஒருவன். விமான நிலையத்தில் அவனுடைய பையை வாங்க அப்பா கையை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை. வீடு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தான்.

மறைப்பதற்கென்ன, எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. பத்து வருடம் ஒற்றைப் பிள்ளையாக இருந்தவள் நான். என் அறையின் பாதியை அவனுக்குக் கொடுத்தார்கள். அம்மா அவன் தட்டிலேயே கண்ணாக இருப்பார். “இன்னும் கொஞ்சம் போடட்டோ ராசா” என்று மூன்று தரம் கேட்பார். அவன் “காணும்” என்பான். அது ஒன்றுதான் அவன் வாயிலிருந்து வரும். அப்பாவும் அவனும் ஒரே மேசையில் இரண்டு வாடகைக்காரர்களைப் போல இருந்து சாப்பிட்டார்கள். அப்பா அவனைப் பார்க்காத நேரத்தில் அவன் அப்பாவைப் பார்ப்பான். அவன் பார்க்காத நேரத்தில் அப்பா அவனைப் பார்ப்பார். நடுவில் இருந்த எனக்கு இரண்டும் தெரியும்.

ஓகஸ்ட் மாதம் ஒருநாள் பெற்றோல் அடிக்க நின்றோம். முன்னால் நின்ற காருக்குப் பின்னே ஒரு இழுவைப் பெட்டி. அதன்மேல் பருத்த சில்லுகள் நாலு பூட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று சேறும் புல்லுமாக நின்றது. அண்ணன் காரை விட்டு இறங்கினான். நேரே போய் அதன் எஞ்சினுக்கு மேலே, தொடாமல், உள்ளங்கையைப் பிடித்தபடி நின்றான். அடுப்பில் குளிர் காய்கிறவர்களைப் போல. அந்தக் காரின் சொந்தக்காரர் வந்து சிரித்தபோதுதான் கையை எடுத்தான்.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை தொடக்கம் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில் பேனையால் வட்டம் போடத் தொடங்கினார்.

“பிள்ளை, இந்த நம்பருக்கு ஒருக்கா எடு. வண்டி இன்னும் இருக்கோ எண்டு கேள்.”

நான் எடுத்தேன். மறுமுனையில் ஒரு கிழவர். நாட்டுப்புற நோர்வேஜியம், பாதி விளங்கவில்லை. “வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா?” என்று இரண்டு தரம் கேட்டார். அப்பா பக்கத்தில்தான் நிற்கிறார் என்றேன். “அப்படியென்றால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா” என்றார், நான்தான் அப்பாவைக் கூட்டிப்போகிறவள் என்பதுபோல. அது உண்மையுந்தான்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காரில் போனோம். சிவப்புக் களஞ்சியம், வெட்டி முடிந்த கோதுமை வயல், வயலுக்குப் பின்னே காடு. கிழவர் நீல வேலை உடுப்போடு வந்தார். களஞ்சியத்துக்குள் அந்த வண்டி நின்றது. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இருக்கை கிழிந்து பஞ்சு தெரிந்தது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பெற்றோலோடு ஒயிலையும் கலந்து ஊற்றவேண்டும். அந்த மணம், கருகின இனிப்பு மாதிரி, களஞ்சியம் முழுக்க நின்றது.

அப்பா ஏறியிருந்து உதைத்தார். பதினைந்து இருபது தரம் உதைத்திருப்பார். எஞ்சின் இருமியது, கிளம்பவில்லை. அப்பாவின் கழுத்தில் வியர்வை. கிழவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணன் குனிந்து பெற்றோல் குழாயைப் பூட்டினான். அக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு நாலு தரம் ஆறுதலாக உதைத்தான். ஐந்தாவது உதையில் வண்டி அலறிக்கொண்டு கிளம்பியது. களஞ்சியம் நீலப் புகையால் நிறைந்தது.

கிழவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “பெடியனுக்கு விசயம் தெரியும்,” என்றார்.

“என்னவாம்?” என்று அப்பா என்னைக் கேட்டார்.

“அண்ணாக்கு விசயம் தெரியுமாம்.”

“ம்,” என்றார் அப்பா.

வண்டியை, அப்பா இரவல் வாங்கிவந்திருந்த இழுவைப் பெட்டியில் ஏற்றிக் கட்டும்போது கிழவர் எனக்குச் சில விசயங்களைச் சொன்னார். ஒவ்வொன்றையும் சொல்லி நிறுத்தி, நான் அப்பாவுக்குச் சொல்லும்வரை காத்திருந்தார். ஒயில் எவ்வளவு கலக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேயே வந்து தன் வயலோரப் பாதையில் ஓடலாம், காட்டுக்குள் மட்டும் போகக்கூடாது, சட்டம் விடாது என்றார். கடைசியாக, “குளிர் வந்தால் பெரிய டூசெ போடவேண்டும். மறக்கக்கூடாது,” என்றார்.

டூசெ. அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த சொல் டூனெ. டூனெ என்றால் நாங்கள் படுக்கும்போது மூடிக்கொள்கிற பஞ்சுப் போர்வை. கிழவருடைய பேச்சு அப்படி, அவர் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தது. நோர்வேஜியம் தெரிந்த பிள்ளை என்ற பெயர் எனக்கு இருந்த ஒரே பெயர்.

“குளிர் வந்தால் பெரிய போர்வை போடட்டாம்,” என்றேன்.

அப்பா தலையாட்டினார். “ஓம் ஓம். பாட்ஸ்பியோர்ட்டிலையும் வள்ளத்து எஞ்சினுக்குச் சாக்கு போட்டு மூடுறவங்கள்.”

இப்படித்தான் அம்மாவின் பழைய, நீலப் பூப் போட்ட போர்வை, நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் அந்த வண்டிக்குப் போர்வையாயிற்று. பக்கத்துக் கார்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். அப்பாவும் சிரிப்பார். அவர் அந்தக் காலத்தில் கொஞ்சம் சிரித்தார்.

அண்ணன் வாய் திறந்தது அந்தத் தரிப்பிடத்தில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கீழே இறங்கிவிடுவான். ‘அவன் என்ன செய்யிறான் எண்டு பார்த்துக்கொண்டு நில்’ என்று அம்மா என்னை அனுப்புவார். நான் படிக்கட்டில் இருந்து பார்ப்பேன். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் சின்னச் சின்னப் பித்தளைத் துண்டுகளைப் பழைய ரொட்டித் தட்டில் வரிசையாக அடுக்கிவைப்பான். ஒவ்வொன்றின் துளைக்குள்ளும் ஊதிப் பார்ப்பான். ஒருநாள் நான் கேட்காமலே கதைக்கத் தொடங்கினான்.

“அங்கை பெற்றோல் இல்லைத் தங்கச்சி. மண்ணெண்ணெயிலைதான் மோட்டார் சைக்கிள் ஓடும். கிளப்புறதுக்கு மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல், ஊசி மருந்துக் குப்பியிலை வைச்சிருப்பம். பெரியப்பான்ரை வண்டியை நான்தான் கிளப்புறனான். அவருக்கு வராது.”

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தான். “இதைப் பார்த்தால் எஞ்சின் என்ன சாப்பிடுது எண்டு தெரியும். கறுப்பெண்டால் பெற்றோல் கூட. வெள்ளையெண்டால் காணாது, உள்ளுக்குக் கொதிக்குது. பால் தேத்தண்ணி நிறம் இருக்கவேணும்.”

அன்று அது கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. கார்புரேட்டருக்குள் ஒரு மெல்லிய ஊசி உண்டு. அதை ஒரு படி கீழே இறக்கினால் பெற்றோல் குறையும். அண்ணன் இறக்கினான். அப்பா வேலை முடிந்து வந்து, சவர்க்கார மணத்தோடு பக்கத்தில் குந்தி இருந்து பார்த்தார்.

“என்ன செய்தனி?”

“ஊசியை இறக்கினனான்.”

“அதைத் தொடாதை. கம்பனிக்காரன் போட்டது போட்டபடி இருக்கட்டும்.”

அண்ணன், இறக்கின ஊசியை அப்படியே விட்டு, கழற்றியதைப் பூட்டினான். அடுத்த ஞாயிறு வண்டி முன்னையைவிட அழகாக ஓடியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பால் தேத்தண்ணி நிறம். அப்பா அதை விரல்களுக்கிடையே உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஞாபகம் வந்து எடுத்துக்கொடுத்தார்.

ஒருமுறை வாகனத் தரிப்பிடத்துக்குள் எஞ்சினைக் கிளப்பிவிட்டார்கள். புகை ஐந்து நுழைவாசல்களாலும் மேலே ஏறியது. கட்டடப் பராமரிப்பாளர் ஓடிவந்தார். கோபத்தில் அவர் சொன்னதையெல்லாம் நான், “இனிமேல் வெளியிலை வைச்சுச் செய்யட்டாம்” என்று சுருக்கிச் சொன்னேன். அவர் போனபிறகு அண்ணன் என்னைப் பார்த்து, “இவ்வளவுதான் சொன்னவரோ?” என்று கேட்டான். மூவரும் சிரித்தோம். அப்பாவும் அண்ணனும் ஒரே விசயத்துக்குச் சிரித்து நான் கண்டது அந்த ஒருதரந்தான்.

செப்டெம்பர், ஒக்டோபர் ஞாயிறுகள். வெட்டின கோதுமைத் தாள்கள் சப்பாத்தின் கீழ் நொறுங்கும் சத்தம். வயலைச் சுற்றி ஓடும் உழவுயந்திரப் பாதை, பேர்ச் மரங்களின் மஞ்சள் இலைகள், கிழவர் கொண்டுவந்து தரும் சூடான வாஃபிள். அண்ணன் ஓடும்போது எழுந்து நின்றபடி ஓடுவான். திரும்புகிற இடங்களில் உடம்பைச் சரிப்பான். அப்பா வேலியோரம் நின்று, “மெல்ல, மெல்ல” என்று தனக்குள்ளேயே சொல்லுவார். பிறகு அப்பா ஏறுவார். அவர் நன்றாக ஓடமாட்டார். கைபிடியை இறுக்கிப் பிடித்து, முழு அக்சிலேட்டர், அல்லது பிரேக். நடுவில் ஒன்றும் கிடையாது. இப்போது நினைத்தால், மகனுக்கு முன்னால் ஒரு தகப்பன் ஓடிக்காட்ட விரும்பிய ஓட்டம் அது. அப்போது எனக்குப் பகிடியாக இருந்தது.

நொவெம்பரில் குளிர் இறங்கியது. காலையில் புறப்படும்போது கார்க் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டினோம். வயல் வெள்ளையாக, கல்லாக இருந்தது. கிழவர் வீட்டுப் பக்கம் யாரையும் காணவில்லை. களஞ்சியத்துக்குப் பின்னால் விறகு வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. போர்வையைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டு வண்டியை இறக்கினோம்.

அண்ணன் ஒரு சுற்றுத்தான் ஓடினான். திரும்பி வந்து நிறுத்தினான்.

“சத்தம் சரியில்லை. கீச்சிடுது.”

பிளக்கைக் கழற்றினான். வெள்ளை. சுண்ணாம்பு பூசினது போல.

“காத்து இறுகிப்போச்சு, பெற்றோல் காணாது,” என்றான். “அரை மணித்தியாலம் தாங்கோ. ஊசியை ஏத்திவிடுறன்.”

“இந்தக் குளிருக்குள்ளை கார்புரேட்டரைக் கழட்டப்போறியோ? கை விறைச்சுப்போம்.”

“இப்பிடியே ஓடினால் எஞ்சின் கொதிச்சு இறுகிப்போம்.”

அப்பாவுக்கு ஏன் அன்று அப்படிக் கோபம் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அந்த வசந்தத்திலிருந்து அவன் தன்னோடு பேசிய மிக நீளமான பேச்சு அதுவாக இருந்ததும், அது தன்னைத் திருத்துகிற பேச்சாக இருந்ததும் காரணமாக இருக்கலாம்.

“மண்ணெண்ணெய் ஊத்தி ஓடின பழக்கம் இஞ்சை சரிவராது,” என்றார். “இது குளிர் நாடு. பத்து வருசம் நான் இஞ்சை இருக்கிறன். எனக்குத் தெரியும்.”

பிளக்கை வாங்கித் தானே பூட்டினார். ஏறினார். உதைத்ததும் கிளம்பியது. அண்ணன் பாதையிலிருந்து விலகி நின்றான்.

வயலின் நீளப் பக்கத்தில் அப்பா முழு வேகத்தில் போனார். எஞ்சின் சத்தம் மேலே மேலே ஏறி, மெலிந்து, ஒரு நுளம்பின் சத்தம்போல ஆயிற்று. பாதை ஓடைப் பக்கமாகச் சரிகிற இடத்தில் அந்தச் சத்தம் அறுந்தது. அதுதான் எனக்கு இன்றும் கேட்கிறது; அந்தச் சத்தமின்மை. எஞ்சின் இறுகி, பின் சில்லுகள் இரண்டும் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டன. வண்டி குறுக்கே வழுக்கி, ஒரு தரம் புரண்டு, சரிவுக்குக் கீழே மறைந்தது.

அண்ணன் ஓடினான். பின்னால் நான். ஓடைக்கரைப் பள்ளத்தில் அப்பா மல்லாந்து கிடந்தார். வண்டி அவருடைய இடுப்புக்கும் தொடைக்கும் மேலே கவிழ்ந்து கிடந்தது. அவர் கண் திறந்திருந்தது. முகம் சாம்பல். அண்ணன் பள்ளத்துக்குள் குதித்து, வண்டிக்குக் கீழே முதுகைக் கொடுத்து உன்னினான். அது ஒரு சாண் எழும்பியது, அதற்குமேல் எழும்பவில்லை.

“தங்கச்சி, ஓடு! கிழவரைக் கூட்டிக்கொண்டு வா!”

உறைந்த வயலின் குறுக்கே ஓடினேன். இரண்டு தரம் விழுந்தேன். களஞ்சியத்துக்குப் பின்னால் கிழவர் கோடரியோடு நிமிர்ந்தார். எனக்குப் பேச்சு வந்தது. ஆனால் தமிழ்தான் வந்தது. “அப்பா கீழை கிடக்கிறார், அப்பா கீழை கிடக்கிறார்” என்று அந்த நோர்வேக்காரரிடம் தமிழில் கத்திக்கொண்டு நின்றேன். வருடக்கணக்கில் வீட்டுக்கு மொழிபெயர்த்தவள், ஒரு நோர்வேஜியச் சொல்லும் இல்லாமல். அவர் என் முகத்தையும் முழங்காலில் இருந்த இரத்தத்தையும் பார்த்தார். கோடரியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி அம்புலன்சுக்குச் சொன்னார். பிறகு என்னைத் தூக்கி ட்ராக்டரில் இருத்திக்கொண்டு வயலுக்குள் இறங்கினார்.

நாங்கள் போனபோது அண்ணன் அதே இடத்தில், அதே முதுகோடு நின்றான். கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. காற்றில் பெற்றோல் மணம். அப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிவைத்திருந்தார்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது, தொடையெலும்பு இரண்டு இடத்தில். அப்பா உயிரோடு வந்தார். ஆனால் வசந்தம் வரை ஆசுப்பத்திரி, பிறகு பயிற்சி நிலையம், பிறகு வாழ்நாள் முழுக்க ஊன்றுகோல். பேருந்து கழுவும் வேலைக்கு அவர் திரும்பவில்லை.

இரண்டாம் கிழமை கிழவர் ஆசுப்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஒடைக்கொலோன் மணக்க, புது மனிதர் போல நின்றார். அப்பா தூக்கத்தில் இருந்தார். அம்மாவும் நானும் நடைபாதையில் அவரோடு நின்றோம். அவர் குனிந்து என்னைக் கேட்டார்:

“குளிருக்குப் பெரிய டூசெ போடவில்லையா? நான் சொன்னேனே. எஞ்சின் அப்படியே இறுகிப்போயிருக்கிறது.”

சொல்லும்போது பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டினார், ஒரு பயற்றங்கொட்டை அளவு. அண்ணனின் ரொட்டித் தட்டு என் கண்முன் வந்தது. அந்தத் தட்டில் கிடந்த, நடுவில் ஊசித்துளை வைத்த, பித்தளைத் துண்டு. டூசெ அதுதான். பெரிய துளை, கூடுதலாகப் பெற்றோல். போர்வை இல்லை.

“என்னவாம் பிள்ளை?” என்றார் அம்மா.

“கவலைப்படுறாராம்,” என்றேன்.

கிழவர் இன்னும் என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். “அப்பா மறந்துவிட்டார்,” என்றேன் அவரிடம்.

முதல் தரம் நான் சொன்னது பிழை. இந்தத் தரம் சொன்னது இரண்டு பொய், இரண்டு மொழியில். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று என்னை நானே எத்தனையோ முறை மன்னிக்கப் பார்த்தேன். முதலாவதுக்கு அது சரிவரும். இரண்டாவதுக்குச் சரிவராது. எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஏனென்றால் அதற்குள் பழி அண்ணன்மேல் விழத் தொடங்கியிருந்தது. அவன் ஊசியை இறக்கினான் என்பதை அம்மாவுக்குச் சொன்னது நான்தான், விபத்து நடந்த அன்றே, விக்கி விக்கி அழுதுகொண்டு. அம்மா அதைத் தொலைபேசியில் பெரியம்மாவுக்குச் சொன்னார். பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. நோயாளியைப் பார்க்க வந்த அப்பாவின் சிநேகிதர் ஒருவர், கட்டில் அருகிலேயே வைத்து, “தம்பி, தெரியாத வேலைக்கு நீ கை வைச்சிருக்கப்படாது” என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்பா மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு அப்பா அண்ணனின் முகத்தை நேரே பார்த்து நான் காணவில்லை. அவன் அறைக்குள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார், அல்லது பத்திரிகையை எடுப்பார். மகனை மன்னிக்க மனம் வரவில்லை என்று அம்மா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்டியைக் கிழவரே களஞ்சியத்தில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போர்வையை அம்மா கழுவி, மடித்து, யாருக்கோ கொடுத்துவிட்டார்.

பதினெட்டு முடிந்த கையோடு அண்ணன் பெர்கனுக்குப் போனான். படகு எஞ்சின் திருத்துகிற வேலை. அங்கேயே கலியாணம், பிள்ளைகள். ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவோடு தொலைபேசியில் கதைப்பான். அப்பா சோபாவில் இருந்தபடி, “சாப்பிட்டவனாமோ எண்டு கேள்” என்பார். அம்மா கேட்பார். “சாப்பிட்டவனாம்” என்பார். அவ்வளவுதான். எத்தனையோ வருடம்.

போன மாசியில் அப்பா இறந்தார். அண்ணன் வந்து என் வீட்டில் தங்கினான். நாலாம் நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, சமையலறை மேசையில் தேத்தண்ணியோடு இருந்தோம். அவனுக்கு என்னைவிட நரை கூட. நான் எல்லாவற்றையும் சொன்னேன். டூசெ, டூனெ, ஆசுப்பத்திரி நடைபாதை, எல்லாம்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “போர்வையோ!” என்றான். பிறகு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்பா இத்தினை வருசம் உன்ரை முகம் பார்க்கேல்லை, அண்ணா. நான் அண்டைக்கே வாயைத் திறந்திருந்தால்...”

“அது எஞ்சினாலை இல்லைத் தங்கச்சி.”

நான் அவனைப் பார்த்தேன். அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நீ ஓடினாப் பிறகு பெற்றோல் ஒழுகத் தொடங்கீட்டுது. பக்கத்திலை சைலன்சர் கொதிச்சுக்கொண்டு கிடக்குது. அவர் ‘விட்டிட்டு ஓடு தம்பி, பத்தப்போகுது, ஓடு’ எண்டு கத்தினார். நான் அசையேல்லை. திருப்பித் திருப்பி அதையே சொன்னார். விட்டிட்டுப் போ, விட்டிட்டுப் போ எண்டு. எனக்கு விசர் வந்திட்டுது. ‘விட்டிட்டுப் போறது உங்களுக்குத்தான் பழக்கம், எனக்கில்லை’ எண்டு சொல்லிப்போட்டன்.”

நானும் என் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அதுக்கு அப்பா?”

“கையை நீட்டி என்ரை காலைப் பிடிச்சார். கணுக்காலிலை. அழுதார். பிடிச்சபடியே கிடந்தார்.”

“பிறகு?”

“பிறகென்ன. ட்ராக்டர் சத்தம் கேட்டுது. நீ வாறாய் எண்டு தெரிஞ்சதும் கையை எடுத்திட்டார்.”